ஓபு ரயில் வழக்கு: மறதி நோயுள்ள முதியவர் வெளியே போய்விட்டால் பொறுப்பு யாருக்கு?

ரயிலில் அடிபட்டு இறந்துபோன 91 வயது முதியவரின் குடும்பத்தின் மீது, ரயில்கள் தாமதமானதற்கு நஷ்ட ஈடாகச் சுமார் 72 லட்சம் யென் கேட்டு ரயில் நிறுவனம் வழக்குப் போட்டது. மாவட்ட நீதிமன்றம் முழுத் தொகையையும் கட்டச் சொன்னது, உயர் நீதிமன்றம் பாதியாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் ஒரு யென்கூடக் கட்ட வேண்டாம் என்றது. சம்பவம் நடந்தது 2007 டிசம்பரில், கடைசித் தீர்ப்பு வந்தது 2016 மார்ச்சில். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு எப்படி நடக்கிறது, அரசின் ஏற்பாடு எதுவரை வந்து நிற்கிறது, மிச்சத்தை யார் சுமக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழக்கு இல்லை. சட்டப் பிரிவுகளுக்கு அப்புறம் வருகிறேன். அந்த வீட்டில் என்னென்ன செய்து பார்த்திருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தீர்ப்பைப் பேசுவதில் அர்த்தமில்லை.

அந்த வீடு

ஐச்சி மாகாணத்தில், நகோயாவுக்குத் தெற்கே இருக்கும் சின்ன நகரம் ஓபு. முதியவர் அங்கே வீட்டின் முன்பகுதியிலேயே அலுவலகம் வைத்து வீடு, மனை வியாபாரம் செய்தவர். 1945-ல் கல்யாணம், நான்கு பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், மூத்த மகன் குடும்பம் யோகோஹாமாவில். 2000-ஆம் ஆண்டு முடிகிற சமயத்தில் முதியவரிடம் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. சாப்பிட்டு முடித்து எழுந்தவர், சாப்பாடு இன்னும் வரவில்லையா என்று கேட்பார். பகலா இரவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2002 மார்ச்சில் குடும்பம் உட்கார்ந்து பேசியது. மனைவிக்கு அப்போதே 80 வயது, அவர் ஒருவரால் கணவரைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. முதியவரின் மகள்களில் ஒருவர் பராமரிப்பு வேலையில் அனுபவம் உள்ளவர், அவருடைய யோசனையையும் கேட்டுக்கொண்டுதான் முடிவெடுத்தார்கள். மூத்த மருமகள் யோகோஹாமாவில் கணவரை விட்டுவிட்டு, தனியாக ஓபுவுக்கு வந்து மாமனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்து மாமியாருக்கு ஒத்தாசை செய்வது என்பது முடிவு. வந்தார். அன்றிலிருந்து விபத்து நடந்த நாள் வரை, ஐந்து வருடத்துக்கு மேல், தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போய் இரவு மாமனார் தூங்கிவிட்டார் என்று பார்த்த பிறகுதான் தன் இடத்துக்குத் திரும்பினார். மூத்த மகன் வேலையை வைத்துக்கொண்டு வார இறுதிகளில் வந்து போனார், கடைசிக் காலத்தில் மாதத்துக்கு மூன்று தடவை.

2002 கடைசியிலேயே அல்சைமர் வகை மறதி நோய் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். 2005 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை முதியவர் தனியாக வெளியே போய்விட்டார், இருபது நிமிட நடை தூரத்தில் இருந்த கன்வீனியன்ஸ் கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்லித்தான் கண்டுபிடித்தார்கள். 2006 டிசம்பரில் நள்ளிரவு வெளியே போய் டாக்ஸியில் ஏறிவிட்டார். ஆள் சரியில்லை என்று ஓட்டுநருக்குப் புரிந்து ஒரு கடையில் இறக்கிவிட, கடைக்காரர் போலீசுக்குத் தகவல் கொடுக்க, அதிகாலை மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்தார்.

இதற்குப் பிறகு குடும்பம் செய்ததைப் பாருங்கள். போலீசிடம் முன்கூட்டியே விவரம் கொடுத்து வைத்தார்கள். முதியவரின் பெயரும் மருமகளின் செல்பேசி எண்ணும் எழுதிய துணியை அவருடைய மேல்சட்டைகளில் தைத்து வைத்தார்கள். வாசல் பக்கம் சென்சார் மணி மாட்டினார்கள், அவர் அந்தப் பக்கம் நடந்தால் மனைவியின் தலைமாட்டில் மணி அடிக்கும். வெளிக்கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். அவர் எரிச்சலாகி, கேட்டைப் பிடித்து வெறியோடு உலுக்க ஆரம்பித்ததும், இதில் அடிபட்டுக்கொள்வார் என்று பயந்து பூட்டுவதை விட்டுவிட்டார்கள். வெளியே போக வேண்டும் என்று அவர் சொன்னால் மருமகள் பேசிச் சமாதானப்படுத்துவார், முடியாவிட்டால் கூடவே நடந்து போய்த் திரும்பக் கூட்டி வருவார்.

மறதி நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பட்டியலில் இதற்கு மேல் சேர்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

காப்பீடு கொடுத்தது என்ன

ஜப்பானின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருமகள்களின் முதுகில் இருக்கும் பாரத்தைச் சமூகம் முழுக்கப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம் அது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எல்லாரும் சந்தா கட்ட வேண்டும், செலவில் பாதி சந்தாப் பணம், பாதி வரிப்பணம். உதவி தேவைப்பட்டால் நகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்து 74 கேள்விகள் கொண்ட படிவத்தை வைத்து விசாரிப்பார், மருத்துவரின் குறிப்பும் சேரும், நிபுணர் குழு கூடி நிலை சொல்லும். லேசான உதவி தேவைப்படுபவர்களுக்கு இரண்டு நிலைகள், அதற்கு மேல் பராமரிப்புத் தேவை 1 முதல் 5 வரை ஐந்து நிலைகள். நிலைக்கு ஏற்ப மாதாந்திர உச்சவரம்பு உண்டு, 4-ஆம் நிலைக்கு இன்று சுமார் 3 லட்சத்து 9 ஆயிரம் யென் மதிப்புள்ள சேவைகள். பெரும்பாலானவர்கள் கையிலிருந்து கட்டுவது அதில் பத்தில் ஒரு பங்குதான், வருமானம் கூடினால் இரண்டு பங்கு, மூன்று பங்கு. எந்தச் சேவையை எந்தக் கிழமையில் வைத்துக்கொள்வது என்று திட்டம் போட்டுக் கொடுக்க கேர் மேனேஜர் இருப்பார்.

சொல்லப்போனால் உலகத்தில் பல நாடுகள் இன்னும் எட்டாத ஏற்பாடு இது. ஓபு முதியவருக்கும் இது கிடைத்தது. அவர் 2007 பிப்ரவரியில் 4-ஆம் நிலைக்கு வந்துவிட்டார். வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆரம்பித்த பகல்நேரப் பராமரிப்பு மையம் கடைசியில் வாரத்துக்கு ஆறு நாள் ஆனது. இந்த மாதிரி மையங்களின் வேன் காலையில் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிப்போகும். போனதும் காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், குளிக்க வைப்பார்கள், மதியச் சாப்பாடு, உடற்பயிற்சி, பாட்டு, கைவேலை, சாயங்காலம் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள்.

சாயங்காலத்துக்குப் பிறகு? அங்கேதான் சிக்கல். காப்பீட்டில் வீட்டுக்கு வரும் உதவியாளர் உண்டு. ஆனால் அவர் வருவது இருபது நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று கணக்கு வைத்து, உடம்பு துடைக்க, உடை மாற்ற, உணவு ஊட்ட, சமைக்க என்று குறிப்பிட்ட வேலைக்கு. கூடவே உறவினர் வசித்தால் சமையல், துப்புரவு மாதிரி வீட்டு வேலைகளுக்கு வருவதிலும் கட்டுப்பாடு. எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதற்கு என்று தனியே மணிக்கணக்கில் ஆள் கொடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. மறதி நோயாளிக்கு எது அதிகமாகத் தேவையோ அதுதான் விட்டுப்போனது. இதை நான் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டையாகப் பார்க்கிறேன்.

சரி, முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். 2007 பிப்ரவரியில் குடும்பம் அதையும் பேசியிருக்கிறது. அரசு உதவியோடு நடக்கும் சிறப்பு முதியோர் இல்லங்களில் கட்டணம் குறைவு, அதனால் கூட்டம் அதிகம், இடம் கிடைக்கக் குறைந்தது இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்த நிலவரம். கூடவே, புது இடத்தில் அவருடைய குழப்பம் இன்னும் கூடிவிடும் என்று மகளும் சொன்னார். வீட்டிலேயே தொடரலாம் என்று முடிவானது. 2014-ல் அரசு வெளியிட்ட கணக்கில் இந்த இல்லங்களுக்குக் காத்திருந்தவர்கள் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். 2015 ஏப்ரலிலிருந்து 3-ஆம் நிலைக்குக் கீழே உள்ளவர்களைப் பொதுவாகப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று விதியை இறுக்கிய பிறகுதான் வரிசை காகிதத்தில் குறைந்தது. வீட்டில் வைத்துப் பார்த்தது இந்தக் குடும்பத்தின் பிடிவாதம் என்று யாராவது சொன்னால், அந்த வரிசையை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

டிசம்பர் 7

வெள்ளிக்கிழமை. மாலை நாலரை மணி வாக்கில் மையத்தின் வேன் அவரை வீட்டில் விட்டுப்போனது. முன்பக்கத்துப் பழைய அலுவலக அறையில் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி, மருமகளோடு கொஞ்ச நேரம் இருந்தார். அவருக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது மறந்துபோய், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிற நிலை. அன்றைக்கு வாசலில் இருந்த அட்டைப் பெட்டிகளை நனைத்துவிட்டார். மருமகள் அதைச் சுத்தம் செய்யப் போனார். உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கண் லேசாகச் செருகியது. அவருக்கு 85 வயது, கால்கள் சரியாக ஒத்துழைக்காது, அவரே பராமரிப்புத் தேவை 1-ஆம் நிலை என்று சான்று பெற்றவர். அந்தச் சில நிமிடத்தில் முதியவர் அலுவலகக் கதவு வழியாக வெளியே நடந்துவிட்டார். அந்தக் கதவுக்கும் ஒரு சென்சார் மணி உண்டு, வியாபாரம் நடந்த காலத்தில் வாடிக்கையாளருக்காக மாட்டியது. அதன் மின்சாரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஓபு நிலையத்தில் ரயில் ஏறி, நகோயா பக்கமாக அடுத்த நிலையமான கியோவாவில் இறங்கினார். பிளாட்பாரத்தின் கோடியில், தண்டவாளப் பணியாளர்கள் இறங்குவதற்கான வேலிக்கதவு இருந்தது, பூட்டவில்லை. சிறுநீர் கழிக்க இடம் தேடித்தான் அந்தக் கதவைத் திறந்து கீழே இறங்கியிருக்கிறார் என்று நீதிமன்றம் பிறகு பதிவு செய்தது. மாலை 5.47-க்கு ரயில் வந்து மோதியது.

இருபது ரயில்கள் தாமதமாயின. பயணிகளை வேறு தடங்களுக்கு மாற்றி அனுப்பியது உள்ளிட்ட செலவை ஜேஆர் டோகாய் நிறுவனம் கணக்கிட்டு, மனைவி மீதும் பிள்ளைகள் மீதும் வழக்குத் தொடுத்தது.

மூன்று நீதிமன்றங்கள்

ஜப்பானிய சிவில் சட்டம் 1896-ல் வந்தது. அதன் 713-ஆவது பிரிவு, தான் செய்வது என்னவென்று புரியாத மனநிலையில் இருப்பவர் ஏற்படுத்தும் சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது. 714-ஆவது பிரிவு, அப்படியானால் அவரைக் கண்காணிக்கும் சட்டக் கடமை உள்ளவர் பொறுப்பு என்கிறது, தன் கடமையில் தவறவில்லை என்று நிரூபித்தால் மட்டும் தப்பலாம். குடும்பத் தலைவர் ஒருவர் கூரைக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் பொறுப்பாக இருந்த காலத்தில் எழுதிய சட்டம். குடும்பத் தலைவர் முறை 1947-ல் ஒழிந்தது, பிரிவு அப்படியே இருந்தது.

2013 ஆகஸ்டில் நகோயா மாவட்ட நீதிமன்றம், பராமரிப்பு முடிவுகளை முன்னின்று எடுத்த மூத்த மகன்தான் நடைமுறையில் கண்காணிப்பாளர் என்றது, கண்ணயர்ந்த மனைவியின் கவனக்குறைவையும் குற்றமாக எடுத்துக்கொண்டது. மணியைப் போட்டு வைத்திருக்கலாம், வீட்டு உதவியாளரை ஏற்பாடு செய்திருக்கலாம் என்று காரணங்கள். இருவரும் சேர்ந்து முழுத் தொகையையும் கட்ட வேண்டும். இந்தத் தீர்ப்பு ஜப்பான் முழுக்கக் குடும்பங்களை உலுக்கியது. 1980-ல் கியோட்டோவில் தொடங்கிய மறதி நோயாளிகள், குடும்பத்தினர் சங்கம் வெளிப்படையாக எதிர்ப்பு தெரிவித்தது. எனக்கும் அந்தத் தீர்ப்பில் கோபம் வருவது ஒரே காரணத்துக்காக. ஒரு வினாடி கூடக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள் என்று நீதிமன்றம் சொன்னால், அதை நிறைவேற்ற ஒரு குடும்பத்தால் செய்யக்கூடியது அறைக்குள் வைத்துப் பூட்டுவது மட்டும்தான்.

2014 ஏப்ரலில் நகோயா உயர் நீதிமன்றம் மகனை விடுவித்தது. ஆனால் தம்பதியர் ஒருவருக்கொருவர் ஒத்துழைத்து உதவ வேண்டும் என்ற சிவில் சட்டப் பிரிவைப் பிடித்துக்கொண்டு, கூட வாழும் மனைவிதான் கண்காணிப்பாளர் என்றது. நிலையத்தில் பயணிகளைச் சரியாகக் கவனித்திருந்தால், அந்த வேலிக்கதவைப் பூட்டியிருந்தால் விபத்தைத் தடுத்திருக்க முடியும் என்றும் எழுதியது, தொகையைச் சுமார் 36 லட்சமாகக் குறைத்தது. அதாவது தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு விதவை மட்டும் கட்ட வேண்டிய பில்லாக அது மாறியது.

உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிபதி ஒகாபே கியோகோ தலைமையில், 2016 மார்ச் 1 அன்று இரண்டையும் தள்ளியது. மனைவி என்பதாலேயே, மூத்த மகன் என்பதாலேயே ஒருவர் சட்டப்படியான கண்காணிப்பாளர் ஆகிவிட மாட்டார் என்றது. அப்படிப் பார்த்தால் யாருமே பொறுப்பில்லையா? இல்லை, கண்காணிப்பை உண்மையிலேயே தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டவரைச் சட்டக் கடமை உள்ளவருக்குச் சமமாக வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. அதற்குப் பார்க்க வேண்டியவை: அவருடைய சொந்த உடல், மன நிலை என்ன, நோயாளியோடு உறவு எவ்வளவு நெருக்கம், கூட வசிக்கிறாரா, எவ்வளவு அடிக்கடி பழகுகிறார், சொத்தை நிர்வகிக்கிறாரா, நோயாளியிடம் என்ன மாதிரி சிக்கலான நடத்தை இருந்தது, அதற்கு ஏற்றபடி என்ன பராமரிப்பு நடந்தது. இந்த வழக்கில் மனைவிக்கே பிறர் உதவி தேவை. மகன் இருபது வருடத்துக்கும் மேலாகத் தள்ளி வசிப்பவர், மாதம் மூன்று முறை வருபவர். இரண்டு பேரும் பொறுப்பில்லை.

தீர்ப்பின் முடிவை முழு மனதோடு வரவேற்கிறேன். அதன் அளவுகோல்தான் உறுத்துகிறது. அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள்: யார் கூடவே வசிக்கிறாரோ, யார் தினமும் பார்க்கிறாரோ, யார் பணம் காசு முதற்கொண்டு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறாரோ, அவர்தான் பொறுப்புக்கு அருகில் வருகிறார். வராமலே இருந்த பிள்ளைக்கு எந்தப் பயமும் இல்லை. 60 வயதில் திடமாக இருக்கும் ஒரு மகள், வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு வந்து தங்கி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தால் அவர் நிலைமை என்ன? இந்தத் தீர்ப்பு அவரைக் காப்பாற்றும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஒகாபேயும் நீதிபதி ஓட்டானி தாகேஹிகோவும் தனிக் கருத்து எழுதினார்கள், முடிவில் உடன்பாடு, காரணத்தில் வேறுபாடு. மூத்த மகன் கண்காணிப்பாளருக்குச் சமமானவர்தான், ஆனால் பகல்நேர மையம், தன் மனைவியை ஓபுவுக்கு அனுப்பியது என்று நியாயமாகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார், அதனால் பொறுப்பில்லை என்றார்கள். எனக்கு இந்த வழிதான் பராமரிப்பவருக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லித் தப்பிக்க இதில் இடம் இருக்கிறது. பெரும்பான்மையின் வழியில், நான் அவ்வளவாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் நல்ல வாதம்.

இத்தனை வருட வழக்கில் அதிகம் உழைத்தவர் அந்த மருமகள். ஜப்பானியச் சட்டப்படி மாமனாரின் சொத்தில் மருமகளுக்கு வாரிசு உரிமை கிடையாது, எவ்வளவு வருடம் பார்த்துக்கொண்டாலும் சரி. 2019 ஜூலையில்தான் சட்டம் திருந்தியது, சம்பளம் வாங்காமல் பராமரித்த மருமகள் மாதிரியான உறவினர்கள் வாரிசுகளிடம் பணமாகப் பங்கு கேட்கலாம் என்ற புது உரிமை வந்தது. இது தாமதமாக வந்த நியாயம், ஆனால் வந்தது.

பில்லை யாராவது கட்ட வேண்டுமே

குடும்பம் பொறுப்பில்லை, நோயாளியும் பொறுப்பில்லை என்றால் பாதிக்கப்பட்டவர் என்ன செய்வார்? இங்கே எதிர்த்தரப்பு பெரிய ரயில் நிறுவனம், தாங்கிக்கொள்ளும். மறதி நோயாளி மூட்டிய அடுப்பில் பக்கத்து வீடு எரிந்தால், சைக்கிளில் போனவர் அவர் மீது மோதி விழுந்தால்? இந்தக் கேள்வி நியாயமானது, குடும்பங்களின் பக்கம் நிற்கிற நானும் இதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. மத்திய அரசு அமைச்சகங்களைக் கூட்டிப் பேசி, இதற்கென்று புதிய இழப்பீட்டுத் திட்டம் உடனடியாக வேண்டாம் என்று 2016 கடைசியில் முடிவெடுத்தது. அந்த இடத்தில் நகராட்சிகள் இறங்கின.

கனகாவா மாகாணத்தின் யமாத்தோ நகரில் ரயில்வே கேட்கள் நிறைய. 2017 நவம்பரில் அந்த நகராட்சி, வழி தவறிப்போகும் அபாயம் உள்ள முதியவர்களுக்காகத் தானே பிரீமியம் கட்டி, 30 கோடி யென் வரையிலான பொறுப்புக் காப்பீடு எடுத்தது. ஓபுவும் அடுத்த வருடம் இதே வழிக்கு வந்தது. கோபே நகரம் 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. நகரவாசிகளின் வரியில் தலைக்கு வருடம் 400 யென் கூட்டி, அந்தப் பணத்தில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவச மறதி நோய்ப் பரிசோதனை, விபத்து நடந்தால் பொறுப்பு நிரூபணமாகும் வழக்குகளுக்கு 20 கோடி யென் வரை காப்பீடு, யாருக்கும் சட்டப் பொறுப்பு இல்லை என்றாலும் பாதிக்கப்பட்ட நகரவாசிக்கு 3 கோடி யென் வரை உதவித்தொகை. ஓபு வழக்கு விட்டுவைத்த பள்ளத்தைச் சரியாக அடைப்பது இந்தக் கடைசி அம்சம்தான். ஒரு நகரத்தில் இருக்கும் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, நாளைக்கு யாருக்கும் வரக்கூடிய நோயின் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வது. இதை நாடு முழுக்கச் செய்யாமல் நகராட்சியின் நல்ல மனதுக்கு விட்டுவைத்திருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

ஓபு நகராட்சி 2017 டிசம்பரில், விபத்து நடந்து பத்து வருடம் ஆன சமயத்தில், மறதி நோய் பற்றிய பயம் இல்லாத ஊரை உருவாக்குவது என்று தனிச் சட்டமே போட்டது. ஜப்பானில் மறதி நோய்க்கென்று ஒரு நகராட்சி இயற்றிய முதல் சட்டம் அது. நாட்டுக்கான மறதி நோய் அடிப்படைச் சட்டம் 2023 ஜூனில் நிறைவேறி 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

பூட்டுவதா, தேடுவதா

பராமரிப்பு மையங்களின் நிலை இதில் வேறு. 2014 ஜனவரிக் குளிரில் ஃபுகுவோகா மாகாணத்தில் 76 வயதுப் பெண் ஒருவர் பகல்நேர மையத்திலிருந்து வெளியேறி, குளிரில் உறைந்து இறந்துபோனார். உச்ச நீதிமன்றம் ஓபு குடும்பத்தை விடுவித்த அதே 2016-ல், செப்டம்பர் மாதம், ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றம் அந்த மையத்தை நடத்தியவர்கள் சுமார் 2 கோடியே 87 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்றது. ஒப்பந்தம் போட்டு, காசு வாங்கி, பயிற்சி பெற்ற ஊழியர்களை வைத்திருப்பவர்களுக்குக் குடும்பத்தைவிடக் கடுமையான அளவுகோல் இருப்பது சரிதான். ஆனால் அந்த ஊழியர்களுக்கு இன்னொரு பக்கமும் கட்டு இருக்கிறது. காப்பீட்டுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே இல்லங்களில் முதியவர்களைக் கட்டி வைப்பதும் அடைத்து வைப்பதும் தடை. படுக்கையில் கட்டுவது, தானே இறங்க முடியாதபடி கட்டிலைச் சுற்றித் தடுப்பு வைப்பது, தானே திறக்க முடியாத அறையில் போடுவது, மருந்து கொடுத்து மயக்கி வைப்பது என்று 11 செயல்களை 2001-ல் வந்த அரசின் கையேடு குறிப்பாகச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. பூட்டவும் கூடாது, விடவும் கூடாது என்றால் நடுவில் மிச்சம் இருப்பது ஆட்கள்தான், கூடவே எழுந்து நடந்துபோக ஒரு ஊழியர்.

வெளியே போனவரைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாமே என்று யோசித்த ஊர்களும் உண்டு. ஃபுகுவோகா மாகாணத்தின் பழைய சுரங்க நகரமான ஓமுத்தாவில் 2004-லிருந்து ஒத்திகை நடக்கிறது. மறதி நோயாளியாக ஒருவர் தெருவில் நடப்பார், அடையாளங்கள் செய்தியாகப் பரவும். கடைக்காரர்கள், தபால்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் அவரைக் கண்டுபிடித்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். எதிரே போய் நின்று, அவசரமில்லாமல், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று ஆரம்பிப்பது வரை பழகிக்கொள்கிறார்கள். ஓபு முதியவரை முதல் இரண்டு தடவை காப்பாற்றியதும் கடைக்காரர்களும் ஒரு டாக்ஸி ஓட்டுநரும்தான். மூன்றாவது தடவை, வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில், அப்படி யார் கண்ணிலும் அவர் படவில்லை.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. ஓபு விபத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2007 அக்டோபரில், டோக்கியோவில் காணாமல்போன ஒரு பெண்ணை குன்மா மாகாணத்தின் தாத்தேபயாஷி ஊரில் போலீஸ் கண்டெடுத்தது. பெயரைச் சொல்ல அவரால் முடியவில்லை. வேறு பெயரில் அங்கே ஒரு இல்லத்தில் ஏழு வருடம் இருந்தார், 2014-ல் தொலைக்காட்சியில் முகத்தைக் காட்டிய பிறகுதான் கணவர் வந்து அடையாளம் சொன்னார். 2023-ல் மறதி நோய் காரணமாகக் காணாமல்போனதாகப் போலீசுக்கு வந்த புகார்கள் 19,039. பதினோரு வருடத்துக்கு முன்பு இது 9,607.

கூட நடக்க ஆள் வேண்டும் என்றேன். 2040-ல் பராமரிப்பு ஊழியர்கள் 5 லட்சத்து 70 ஆயிரம் பேர் குறைவாக இருப்பார்கள் என்று ஜப்பானிய சுகாதார அமைச்சகமே கணக்குச் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் மாதம் கட்டும் சந்தா, தொடக்கத்தில் சராசரியாக 2,911 யென் இருந்தது, இப்போது 6,225 யென். சந்தா இரண்டு மடங்குக்கு மேல் ஆகியும், 2024 ஏப்ரலில் அரசு வீட்டுக்கு வந்து பராமரிக்கும் சேவைக்கான அடிப்படைக் கட்டணத்தையே குறைத்தது. அந்த வருடம் திவாலான பராமரிப்பு நிறுவனங்களின் எண்ணிக்கை அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது, அதில் கிட்டத்தட்டப் பாதி வீட்டுக்கு ஆள் அனுப்பும் சின்ன நிறுவனங்கள். முதியவர்களைக் கூடுமானவரை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம் என்று கொள்கை வைத்திருக்கும் அரசு, வீட்டுக்குள் நுழைகிற அந்த ஒரே ஆளின் கூலியில் கை வைத்திருக்கிறது. நஷ்ட ஈட்டுப் பயத்தை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அந்த மாமியாரையும் மருமகளையும் போல இன்றைக்கும் சாயங்கால வேளையைத் தனியாகச் சமாளிக்கும் வீடுகளுக்கு ஆள் அனுப்புவது நாடாளுமன்றமும் சுகாதார அமைச்சகமும் செய்ய வேண்டிய வேலை, அது இன்னும் நடக்கவில்லை.